பன்னா, குரலா?

மார்ச் 3

கீழே அவர்களுக்கு,

மேலே எழுதுவது. பெயர்தான் மேலே, இருப்பது தரைத்தளத்தில். ஜன்னலைத் திறந்தால் எதிரே போகிறவர்களின் முகம்தான் நேருக்கு நேர் தெரிகிறது. பகல் முழுவதும் தரையில் இருந்து எனக்குப் பழக்கமில்லை, தலை சுற்றுகிறது.

வந்த அன்றே போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். போனைத் திறந்தால் எவனாவது சாப்பாட்டுப் படம் காட்டிவிடுவானாம், பரிசோதனை கெட்டுவிடுமாம். அதனால் கடிதம்தான். அதையும் எங்கள் எடையைப் பார்க்கும் நர்ஸ் அம்மா படித்த பிறகே ஒட்டுவார், வருவதையும் பிரித்துப் படிப்பார். நான் உள்ளே கேக் படம் வரைந்து ரசித்திருக்கிறேனா என்று சோதிக்க வேண்டுமே! ஆகவே அவருக்கும் விளங்கும்படி எழுதுகிறேன். நர்ஸ் அம்மா, நான் கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிறவன். இந்தக் கடிதம் போவது என் மனைவிக்கு. அவள் தரையில் நின்று வாக்கி-டாக்கியில் எனக்கு சிக்னல் கொடுப்பவள். "ஏத்து", "இறக்கு", "நிறுத்து" என்று அவள் சொல்லாமல் என் கை அசையாது. ரேடியோவில் அவள் பெயர் கீழே, என் பெயர் மேலே. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான்.

சொல்லாமல் கிளம்பி வந்ததற்குக் கோபமாக இருப்பாய். இருந்துகொள். கிரேன் உச்சியில் நான் உட்காரும் கூண்டின் அடித் திறப்பில் இடுப்பு மாட்டி, கால் இரண்டும் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போது ஒரு மனிதன் வாயில் என்ன வருமோ அதுதான் எனக்கும் வந்தது. அதற்காக ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டால் நான் எங்கே போவேன்? நம் மேலாளரும் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "சேஃப்டி பெல்ட்டு தாங்குற எடைக்கு வந்தா கூண்டு. இல்லேன்னா ஸ்டோர்ல உக்காந்து ஆணி கொடு." நான் ஆணி கொடுக்கப் பிறந்தவனா?

இங்கே இருக்கும் ஆராய்ச்சி டாக்டரம்மா பசியையும் மூளையையும் பற்றிப் படிக்கிறார். குண்டான ஆட்களைத் தங்கவைத்து, அளந்து சோறு போட்டு, மண்டைக்குள் எட்டிப் பார்க்கிறார். முதல் நாளே அவர் சொன்னதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. வயிறு "போதும்" என்று சொல்வது சிலருக்கு மூளைக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேருமாம். அதற்குள் மூளை இன்னொரு தட்டு கேட்டுவிடுமாம். சரி என்று எடையைக் குறைத்தால், பஞ்சம் வந்துவிட்டது என்று மூளை பயந்துகொண்டு பசியைக் கூட்டுமாம். கேட்டாயா? இத்தனை நாள் என்னை வாயைக் கட்டத் தெரியாதவன் என்று ஊரே சிரித்ததே! தப்பு என் மேல் இல்லை. மூளை மேல்.

பதில் போடு.

மேலே


மார்ச் 8

மேலே அவர்களுக்கு,

கடிதம் வந்தது. தப்பு மூளை மேலாம். அந்த மூளை யாருடையது? பக்கத்து வீட்டுக்காரர் இரவல் கொடுத்ததா?

நர்ஸ் அம்மா, நீங்கள் இதைப் படிப்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஏனென்றால் இவர் வாயில் என்ன வந்தது என்பதை மட்டும் உங்களிடம் நைசாக விழுங்கிவிட்டார். விழுங்குவதில் கெட்டிக்காரர். நான் சொல்கிறேன். பாரத்தை இவர் சரியாக இறக்கி வைத்தால் நான் ரேடியோவில் "அழகா இறக்கினே!" என்பேன். அடுத்த தடவை கொக்கி மேலே போகும்போது ஒரு க்ரீம் பன்னைப் பொட்டலம் கட்டி மாட்டிவிடுவேன். இறங்கி வந்து சாப்பிட நேரமில்லாத வேலை, பாவம் என்று ஆரம்பித்தது. அது வருஷக்கணக்காக நடந்தது. அன்றைக்குத் திறப்பில் மாட்டிக்கொண்டு, எங்கள் இருவர் சேனலை விட்டுவிட்டு, எல்லோரும் கேட்கும் பொதுச் சேனலில் இவர் கத்தியது இது: "இவ பன்னு அனுப்பி அனுப்பித்தான்யா நான் இப்படி மாட்டிக்கிட்டேன்! இவளை நம்பினா ஒருத்தன் உருப்படுவானா?"

வெல்டர்கள் கேட்டார்கள். சிமெண்ட் லாரிக்காரர்கள் கேட்டார்கள். வாசலில் காவல் இருப்பவர், சாதாரணமாக எதுவுமே காதில் விழாதவர், அவரும் கேட்டார். என் மானம் அந்தக் கிரேன் உயரத்துக்கு ஏறியது. மாலையில் என் நாத்தனார் போன் பண்ணி, "அன்பா போட்டுப் போட்டே என் தம்பியை இந்தக் கதிக்குக் கொண்டுவந்துட்டியேம்மா" என்றார். நான் அனுப்பியது ஒரு பன். வேலை விட்டு வரும் வழியில் இவர் தன் சொந்த முயற்சியில் தின்றதெல்லாம் யார் கணக்கு?

மேலே, ஒரு சந்தேகத்தை உங்கள் டாக்டரம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். நான் "நிறுத்து" என்றால் ஒரு விரல்கடை கூட நகராமல் நிறுத்துகிற ஆள் நீங்கள். எத்தனை டன் தொங்கினாலும் நிற்கும். வயிறு நிறுத்து என்றால் மட்டும் ஏன் நிற்பதில்லை?

கடைசியாக ஒரு செய்தி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் புது வேலை ஆரம்பிக்கிறார்கள். அங்கே நிரந்தரமாக சிக்னலுக்கு வருகிறாயா என்று மேலாளர் கேட்டிருக்கிறார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். கிரேன் ஓட்டப்போகிறவர் இப்போதே இங்கே உங்கள் கூண்டில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஒல்லியான மனிதர். திறப்பில் போகும்போது இரண்டு பக்கமும் காற்று வருகிறது.

கீழே


மார்ச் 13

கீழே,

ஒல்லியைப் பற்றிப் படித்ததும் ஒரு வேளைச் சாப்பாடு இறங்கவில்லை. நர்ஸ் அம்மா அதையும் குறித்துக்கொண்டார்.

உன் சந்தேகத்தை டாக்டரம்மாவிடம் கேட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நானே ஒரு பதில் சொன்னேன்: "அவ காதுக்குள்ள கத்துவா டாக்டர். வயிறு முணுமுணுக்குது." அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஏறத்தாழ அதுதான் விஷயம் என்றார்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். கோபப்படாமல் படி. முடியாது, தெரியும். இருந்தாலும் படி.

என்னை ஸ்கேன் குழாய்க்குள் படுக்கவைத்தார்கள். திறப்பில் மாட்டிக்கொண்டவனை மறுபடியும் ஓர் ஓட்டைக்குள் தள்ளினால் எப்படி இருக்கும்! காதில் ஹெட்போன், கண்ணுக்கு மேலே கண்ணாடியில் படம். நாற்காலி, சுத்தியல், வறுத்த கோழி, குடை, ஐஸ்கிரீம் என்று மாற்றி மாற்றிக் காட்டினார்கள். கோழிக்கு மூளையில் ஓர் இடம் லேசாகத்தான் துடித்ததாம். ஐஸ்கிரீமுக்கும் சுமார்தான். டாக்டரம்மாவுக்கு ஏமாற்றம். கடைசியில் மெஷினை ஓட்டும் ஆள் ஹெட்போனில், "அசையாம அழகா படுத்திருந்தீங்க சார்" என்றார். அவ்வளவுதான். அந்த இடம் பற்றிக்கொண்டதைப் போல எரிந்ததாம், என் வயிறு மைக்கில் கேட்கிற அளவுக்கு உறுமியதாம். குழாயில் ஏதோ பழுது என்று ஓடிவந்து பார்த்தார்கள்.

"உங்க காதுக்குள்ள இந்த மாதிரி பாராட்டுறவங்க வேற யாராவது உண்டா?" என்று டாக்டரம்மா கேட்டார். சொன்னேன். ரேடியோ, கொக்கி, பன் எல்லாவற்றையும் சொன்னேன். மூளை இப்படித்தான் கற்றுக்கொள்ளுமாம். ஒரு சத்தத்துக்குப் பின்னால் தவறாமல் தீனி வந்தால், பிறகு சத்தம் கேட்டாலே தீனியைத் தேடுமாம், வயிறு நிறைந்திருந்தாலும் தேடுமாம். நீ சொன்னாயே, வரும் வழியில் நான் சொந்த முயற்சியில் தின்றது, அதுவும் இந்தக் கணக்கில்தானாம். நாள் முழுக்க உன் பாராட்டு காதில் ஓடிக்கொண்டிருந்தால் மூளை சும்மா இருக்குமா என்கிறார்.

பழகியதை மறக்கவைக்கவும் முடியுமாம். அதே சத்தம் வர வேண்டும், தீனி வரக் கூடாது. திரும்பத் திரும்ப. அதற்கு அசல் குரல் வேண்டும். ஆகவே நீ "அழகா இறக்கினே" என்று ஒரு நூறு தடவை சொல்லிப் பதிவு பண்ணி அனுப்ப முடியுமா என்று கேட்கச் சொன்னார்.

நான் கேட்கவில்லை, டாக்டர் கேட்கிறார்.

மேலே


மார்ச் 17

மேலே அவர்களுக்கு,

மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறுமாமே, அந்த மணியா நான்?

பொதுச் சேனலில் என்னை நாறடித்துவிட்டு ஓடிய மனிதரை உட்கார்ந்து நூறு தடவை பாராட்ட வேண்டுமாம். அறிவியலுக்காகவாம். உலகத்தில் எந்தப் பெண்டாட்டிக்காவது இப்படி ஒரு தண்டனை வந்திருக்கிறதா என்று டாக்டரம்மாவைக் கேளுங்கள்.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு ஒல்லி ஓர் இரும்பு உத்திரத்தை ஆடாமல் அசையாமல் இறக்கினார். நான் ரேடியோவில் "சரி" என்றேன். அவரும் "சரிங்க" என்றார். அங்கேயே எனக்கு மனசு கெட்டுவிட்டது. ஒளிப்பானேன், சொல்லிவிடுகிறேன். நான் "அழகா இறக்கினே" என்று சொல்லும்போதெல்லாம் மேலே இருந்து "சரி, கீழே" என்று சிரிப்போடு ஒரு குரல் வரும். அந்தச் சிரிப்பு எனக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வருஷக்கணக்காக. இப்போது படித்த டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, அது க்ரீம் பன்னுக்கு என்கிறார்.

நீங்கள் பொதுச் சேனலில் கத்தியதைக் கூட மறந்துவிடலாம். இதை எப்படி மறப்பது? உங்கள் மூளையில் நான் பன்னுக்கு முன்னால் அடிக்கும் மணி மட்டும்தான் என்றால், நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகிறேன். அங்கே "சரி", "சரிங்க" என்று காலத்தை ஓட்டிவிடலாம். மனசாவது நோகாது.

ஆனாலும் பதிவு பண்ணினேன். உங்களுக்காக இல்லை. எனக்கே தெரிந்தாக வேண்டும். டாக்டரம்மாவிடம் என் பெயரில் சொல்லுங்கள்: பன்னை எடுத்துவிட்டால் இவர் என்ன தேடுகிறார் என்று பார்த்துச் சொல்லட்டும். பன்னா, குரலா? மாதக் கடைசிக்குள்.

பதிவு பண்ணுவதற்காகச் சாமான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பத்து சுவரில் ஆணி அடிப்பது போல வந்திருக்கும், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நடுவில் யாரோ கதவைத் தட்ட, நான் திட்டியதும் அதில் இருக்கும். அதற்குப் பிறகு ஒரு விபரீதம். சொல்லச் சொல்ல எனக்கு அகோரப் பசி எடுத்தது. காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன்! பாதியில் எழுந்துபோய் ஒரு க்ரீம் பன் வாங்கினேன். கொக்கியில் மாட்ட ஆள் இல்லை, நானே தின்றேன். கடைக்காரம்மா, "என்னம்மா, இப்பல்லாம் பன்னு மேலே போறதில்லையா?" என்று கேட்டார். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, நர்ஸ் அம்மா. நீங்களும் சொல்லாதீர்கள்.

கீழே


மார்ச் 25

கீழே,

நர்ஸ் அம்மா யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரம்மாவிடம் மட்டும் சொன்னார். டாக்டரம்மா துள்ளிக் குதித்தார். சொல்கிறவள் மூளையும் சேர்ந்தே பழகியிருக்கிறது, அடுத்து உன்னையும் குழாய்க்குள் அனுப்ப வேண்டும் என்கிறார்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுதி எழுதி நாலைந்து தாளைக் கிழித்தேன். குரல்தான், பன் இல்லை என்று சத்தியம் பண்ணலாம். நீ நம்ப மாட்டாய். நான்கூட நம்பியிருக்க மாட்டேன், ஏனென்றால் எனக்கே தெரியவில்லை. வயிறு அப்படி உறுமியதைக் கேட்டவன் நான். நிஜமாகவே பன்னுக்குத்தானோ என்று பயந்தேன். ஆகவே நீ சொன்னபடியே டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். "என் குடும்பம் உங்க கையில இருக்கு டாக்டர்" என்றேன். பசிதான் என் பாடம், குடும்பம் இல்லை என்றார். பிறகு உன் கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டார்.

இங்கே ஒரு கைப்பிடி இருக்கிறது. சாப்பாட்டுக்காக ஒருவன் எவ்வளவு பாடுபடுவான் என்று அளக்கிற கருவி. பலமாக அழுத்தினால்தான் வேலை செய்யும், ஒவ்வொரு தடவையும் இன்னும் பலமாக அழுத்த வேண்டும். முதலில் பழக்கினார்கள். ஒரு கைப்பிடியை அழுத்தினால் ஹெட்போனில் மணிச் சத்தம், பிறகு ஒரு கரண்டி புட்டிங். இன்னொன்றை அழுத்தினால் உன் குரல், பிறகு அதே புட்டிங். முதல் பத்தில் நீ என்னை அடிக்க வருவது போல இருந்தது, அப்போதும் நாக்கில் எச்சில் ஊறியது. கதவைத் தட்டியவனை நீ திட்டினாயே, அதற்கும் ஊறியது! டாக்டரம்மா அதைத் தனியாகக் குறித்துக்கொண்டார்.

அப்புறம் புட்டிங்கை நிறுத்திவிட்டார்கள். சத்தம் மட்டும் வரும், கரண்டி காலியாக வரும். முதல் நாள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்தடுத்த நாட்களில் வயிறு மெல்ல அடங்கியது. மணிக் கைப்பிடியைத் தொடுவதையே விட்டுவிட்டேன். வெறும் மணிக்கு யார் கையை நோகடித்துக்கொள்வது? ஸ்கேனில் பார்த்தார்கள். உன் குரலுக்கும் அந்தப் பசி இடம் எரியவில்லை, கம்மென்று இருந்தது. மூளை மறந்துவிட்டது என்று டாக்டரம்மா கை கொடுத்தார். தீர்ந்தது, உன்னை ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

கடைசி நாள் சோதனையில் மறுபடியும் இரண்டு கைப்பிடிகளையும் வைத்தார்கள். இஷ்டம் இருந்தால் அழுத்தலாம், இல்லாவிட்டால் சும்மா உட்காரலாம். நான் யோசிக்கவே இல்லை. உன் கைப்பிடியை அழுத்தினேன். "அழகா இறக்கினே" என்றாய். மறுபடி அழுத்தினேன். கரண்டியை நான் திரும்பியும் பார்க்கவில்லை என்று நர்ஸ் அம்மா சொல்கிறார். பதிவின் கடைசிப் பகுதியில் உனக்குக் கோபம் தீர்ந்து, களைத்துப்போய், ரேடியோவில் சாயங்கால வேளையில் பேசுவது போலச் சொல்லியிருக்கிறாயே, அந்தக் குரல் வரும்வரை அழுத்தினேன். வந்த பிறகும் அழுத்தினேன். கைப்பிடியின் ஸ்பிரிங் தெறித்து விழுந்துவிட்டது.

"சாப்பாடே வரலையே, எதுக்கு அழுத்துறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். "கேக்கலாம்னுதான்" என்றேன். பசி இல்லாமல் ஒருவன் இவ்வளவு பாடுபட்டதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறார்.

நீ இல்லாத காது எனக்கு வேண்டாம். போகாதே. பொதுச் சேனலில் பேசியது தப்பு, எனக்குத் தெரியும். பெல்ட் எடைக்கு வந்துவிட்டேன், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றால். மூளை பழைய எடைக்கு இழுக்கப் பார்க்கும், சாகும்வரை இழுபறிதான் என்று டாக்டரம்மா எச்சரித்திருக்கிறார். இழுத்துப் பார்க்கட்டும். அடுத்த வாரம் சனிக்கிழமை விடுகிறார்கள்.

மேலே


மார்ச் 29

மேலே அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்ததும் நம்பவில்லை. இத்தனை நாள் தரைத்தளத்தில் பொழுது போகாமல் கிடந்தவர் நன்றாகக் கதை எழுதக் கற்றுக்கொண்டார் என்று நினைத்தேன். ஆகவே அலுவலக போனிலிருந்து டாக்டரம்மாவையே கூப்பிட்டேன். "ஸ்பிரிங் தெறித்தது நிஜமா?" என்று கேட்டேன். "நிஜம்தாங்க. ஒரு துண்டு இன்னும் கிடைக்கலை" என்றார்.

போனை வைத்துவிட்டு அங்கேயே சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன். மேலாளர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். கொண்டுவந்தவரிடம் கையோடு சொல்லிவிட்டேன், ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி. ஒல்லிக்கு வருத்தம். நல்ல மனிதர், உத்திரத்தை உங்களைவிட நேராக வைக்கிறார். உள்ளதைச் சொல்கிறேன். இருந்தும் எத்தனையோ தடவை வாயைத் திறந்து பார்த்தேன், "அழகா இறக்கினே" மட்டும் அவருக்கு வரவில்லை.

இனிமேல் என் சட்டம் இது. கொக்கியில் பன் ஏறாது. ஆப்பிள் ஏறும், அதுவும் நான் ஏதாவது சொன்ன பிறகு இல்லை, எனக்குத் தோன்றும் நேரத்தில். உங்கள் மூளை எதையும் கண்டுபிடித்துப் பழகிக்கொள்ளாதபடி தாறுமாறாக அனுப்புவேன். கோணலாக இறக்கினால் பாராட்டு கிடையாது, திட்டுதான். திட்டுக்கும் உங்களுக்கு எச்சில் ஊறும் என்று இப்போது தெரிந்துவிட்டதால் அதையும் அளந்துதான் தருவேன். தப்பு என்று கடிதத்தில் எழுதினால் அது நர்ஸ் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். திட்டியது எந்தச் சேனலில்? மன்னிப்பும் அந்தச் சேனலில்தான். நீங்கள் வந்ததும் திங்கட்கிழமை காலையில் முதல் பாரம் ஏறுவதற்கு முன்னால். வெல்டர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன், லாரிக்காரர்களும் சீக்கிரம் வருவதாகச் சொன்னார்கள்.

ஏணியில் ஒரே மூச்சாக ஏற வேண்டாம். பாதியில் நின்று மூச்சு வாங்குங்கள். நான் அடியில்தான் நிற்பேன்.

இன்னொன்று. இதை எழுதலாமா என்று காலையிலிருந்து யோசித்தேன். நர்ஸ் அம்மா படித்தால் படிக்கட்டும். இந்த மாதம் முழுக்க ரேடியோவில் யாராவது "சரி" என்று சொல்லும்போதெல்லாம், கூடவே "கீழே" என்று வருமா என்று என் காது காத்துக்கொண்டே இருந்தது. வரவில்லை. அந்தக் கைப்பிடியை என் கையில் கொடுத்து, அழுத்தினால் ஒரே ஒரு "சரி, கீழே" கேட்கும் என்று சொல்லியிருந்தால், ஸ்பிரிங் என்ன ஸ்பிரிங், அதை மாட்டியிருக்கும் சுவரே பெயர்ந்து என் கையோடு வந்திருக்கும்.

கீழே